வேலிக் கதவில் ஒரு மொட்டைக் கடுதாசி

பெண் பார்க்க வந்த ஐந்து பேரும் வேலிக் கதவுக்கு அந்தப்பக்கம் வெயிலில் நின்றார்கள்.

இத்ரிஸ் இந்தப்பக்கம் நின்றார். அவர் வந்து "எங்க ஆளுங்கதான்" என்று சொன்னால்தான் காவலுக்கு நிற்கும் ஜவான் கதவைத் திறப்பான். வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்ட நாற்பது வீடுகளுக்கும் இதுதான் வழக்கம். வேலி போட்ட மகராசர்கள் எல்லைக்கோட்டை விட்டுவிட்டு, இந்தியாவுக்குள்ளேயே ஊருக்கு நடுவே போட்டார்கள். வேலிக்கு வெளியே இருந்தாலும் இத்ரிஸின் வீடு இந்தியா. பக்கத்து வீட்டு ஜொபேதின் மாட்டுக்கொட்டகை வங்கதேசம்.

இன்று ஜவான் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தான்.

"சாச்சா, உங்க வீட்டப் பத்தி மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. அஞ்சு பேர் வருவாங்க, சொந்தம்னு சொல்வாங்க, உள்ள விடாதீங்கன்னு."

ஜொபேத்! அவன் வேலையாகத்தான் இருக்கும். காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கதவுக்கு வந்தவன் அவன்தான். போன வருஷம் அவன் மகளுக்கு வந்த சம்பந்தம், கதவை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. பெண் எடுக்கவே ஆள் வராத இடத்தில் இத்ரிஸ் வீட்டுக்கு மட்டும் கார் வந்தால் பொறுப்பானா?

அதுவும் எப்பேர்ப்பட்ட இடம்! ஒரு பைசா வேண்டாம், வியாழக்கிழமையே நிக்காஹ், கையோடு ரயிலேற்றிக் கூட்டிப் போய்விடுகிறோம் என்றிருந்தார் தரகர். எந்த ஊருக்கு என்று இத்ரிஸ் கேட்கவில்லை. கேட்டால் கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்.

"குடுங்க சார், எவன் எழுதினான்னு பாக்கறேன்."

அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரிந்தது. வங்காள எழுத்துகளின் தலைக்கு மேல் ஓடும் கோடு ஒன்றோடொன்று சேராமல் விட்டுவிட்டுப் போயிருந்தது. நாற்பது வீட்டு மனுக்களையும் அப்படித்தான் எழுதிக்கொடுப்பாள், பத்தாவது படிக்கும் மொர்ஜினா.

அவர் மகள்.

நேற்று பள்ளிக்குக் கிளம்பும்போது "அவங்க யாருப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவர் அதட்டி அனுப்பிவிட்டார்.

அந்தப்பக்கம் தரகர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"சொல்லுங்க சாச்சா, இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

இத்ரிஸ் அந்த ஐந்து முகங்களையும் முதன்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றார்.