சைடு ஸ்டாண்டு

வியட்நாமின் கான் தோ நகரில், உச்சி வெயிலில் சிவப்பு விளக்கு எரிகிறது. கோட்டருகே ஒருவரும் நிற்கவில்லை; இருபதடி பின்னால், தூங்குமூஞ்சி மர நிழலுக்குள் அத்தனை மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. எனக்கு முன்னால் ஒரு பெண். முகமூடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே கண்கள் மட்டும் தெரிகின்றன. கொக்கியில் கஞ்சித் தூக்கு ஆடுகிறது. வண்டியின் உடைந்த பக்கக் கண்ணாடியில் புது டேப் சுற்றியிருக்கிறது. சைடு ஸ்டாண்டு தாழ்ந்து கிடக்கிறது. இந்த ஊரில் அதைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா இருக்க மாட்டோம். “யக்கோவ், ஸ்டாண்டு!” “ஸ்டாண்ட எடு தாயி!” அவள் அசையவில்லை. ரொட்டிக் கூடை கட்டிய எங்கள் தெரு லுவான், “காதுல என்னக்கா, பஞ்சா?” என்று சிரித்தபடி காலை நீட்டி அதைத் தட்டி மேலேற்றுகிறான். அவள் திரும்புகிறாள். “நேத்து இதே வண்டியில, இதே முக்குலதான் என் வீட்டுக்காரரு இடப்பக்கம் திரும்பினாரு. ஸ்டாண்டு தரையில தட்டித் தூக்கி வீசிருச்சு. இன்னும் கண்ணு தொறக்கல. அப்ப எங்கய்யா போச்சு இத்தன வாயும்?” லுவானின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோகிறது. பச்சை விழுகிறது. எப்போதும் அலறும் ஹாரன்களில் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. அவள் கிளம்புகிறாள். நிழலைத் தாண்டி வெயிலில் இறங்கியதும், ஸ்பிரிங் தளர்ந்த அந்த ஸ்டாண்டு தானாகவே மறுபடி கீழே சரிகிறது. எல்லோரும் பார்க்கிறோம். லுவானின் வாய் திறந்தபடி இருக்கிறது. என் வாயும்தான். சத்தம் வரவில்லை. அவளுடைய வண்டியின் இடப்பக்க இண்டிகேட்டர் விட்டுவிட்டு மின்னத் தொடங்குகிறது.