தொலைந்த ஏழு போர்வைகள்

"இதுக்கா அத்தை ஆறு மாசமா அலைஞ்சோம்?" என்று கோப்பினை மூடி அவள் பக்கமாகத் தள்ளினான் அண்ணன் மகன்.

ராணுவ ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறை அது. பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பேருந்து ஓட்டிப் பழகியவனுக்குக் குரலைத் தாழ்த்த வரவில்லை. இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

போருக்குப் போய்வந்தவர்களின் பெயர்களை ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் கல்லில் வெட்டப் போகிறார்கள். படைப்பணிப் பதிவின் நகலைக் கொடுத்தால்தான் பெயர் ஏறும். நாளை கடைசி நாள். அதை முடிவு செய்யும் ஊர்க் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஒரு வரி விடாமல் படிப்பார்கள்.

அத்தை கோப்பை மறுபடி திறந்தாள். அவளுடைய அப்பாவின் படைப்பணிப் பதிவில் இருந்த நடத்தைத் தாள். ஒரே குளிர்காலத்தில் ஏழு பதிவுகள், ஏழும் ஒரே வாசகம்: 'அரசுப் போர்வை ஒன்றைத் தொலைத்தார்.' முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாவதற்கு, முழுச் சுமையோடு மைதானத்தைச் சுற்ற வேண்டும். நான்காவதற்குச் சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டையைப் பறித்திருந்தார்கள். ஏழாவதற்குப் பத்து நாள் காவலறை. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே கேப்டனின் கையெழுத்து.

"ஒண்ணு ரெண்டு தொலையலாம். ஏழு தொலையுமா? தாத்தா போர்வையெல்லாம் வித்துட்டார்னு ஊர்ல பேசினது பொய்யில்ல போலிருக்கு."

அத்தைக்கு அந்தப் பேச்சு புதிதல்ல. பள்ளியில் அவளுக்குப் பெயரே 'போர்வைக் கள்ளன் மகள்'தான். அழுதுகொண்டு வந்து கேட்டிருக்கிறாள். அப்பா சண்டைக்கும் போகமாட்டார், மறுக்கவும் மாட்டார். "தொலைஞ்சு போச்சும்மா" என்பார், அவ்வளவுதான்.

கோப்பையே பூச்சி அரித்துவிட்டது என்று குழுவிடம் சொல்லிவிடலாம் என்றான் அவன். பெயர் ஏறாவிட்டால் போகிறது, மானமாவது மிஞ்சும்.

அத்தை, பார்த்து முடித்தாயிற்றா என்று கேட்க வந்த காப்பாளர் அம்மாளை நிறுத்தினாள்.

"அந்தக் குளிர்காலத்தைப் பத்தி வேற ஏதாவது காகிதம் இருக்குமாம்மா? நல்லதுதான் வேணும்னு இல்ல. எதுவா இருந்தாலும் சரி."

காப்பாளர் படைப்பிரிவின் எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு கனத்த பதிவேடுகளைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார்.

முதலாவது ஒரு கைதி முகாமின் மருத்துவர் எழுதிய நாள்குறிப்பு. அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பாவின் பிரிவு சண்டை போடவே இல்லை. பிடிபட்ட எதிரிகளைக் கம்பிவேலிக்குள் வைத்துக் காவல் காத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் எண்கள். நேற்றிரவு குளிரில் இறந்தவர்கள் நான்கு. நேற்றிரவு ஆறு. நேற்றிரவு ஐந்து.

காப்பாளர் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலால் காட்டினார். அண்ணன் மகன் வாய்விட்டு வாசித்தான்.

'கைதிகளின் கொட்டகையில் சோதனை. நம் படையின் முத்திரை குத்திய போர்வைகள் ஏழு, மிக மோசமான நோயாளிகள் எழுவர் மேல் கிடந்தன. நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். எழுவரும் உயிரோடு இருக்கிறார்கள்.'

இன்னொரு முறை வாசித்தான். இந்த முறை உதடு மட்டும்தான் அசைந்தது.

"கொடுத்தேன்னு சொல்லியிருக்கலாமே" என்றான், முதல்முறையாகக் குரல் தாழ்ந்து.

"எதிரிக்கு உதவின குத்தம்னு ராணுவ விசாரணைக்குப் போயிருக்கும். சுட்டுக்கூட இருப்பாங்க" என்றார் காப்பாளர். "தொலைச்சேன்னா பட்டையோட போகும்."

அத்தை அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. கோயிலுக்குள் நிற்பவள் மாதிரி கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். காப்பாளரிடம் கேட்டாள்.

"காவலறையில போர்வை கொடுப்பாங்களாம்மா?"

"மாட்டாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, நடத்தைத் தாளுக்கு முழுசாக நகல் வேண்டும் என்றாள், ஏழு பதிவில் ஒன்றுகூட விடக்கூடாது. இந்தப் பக்கத்தையும் சேர்த்து. ஒன்பது பேரும் படிக்கட்டும்.

அண்ணன் மகனுக்குத்தான் ஆறவில்லை. நடத்தைத் தாளில் அந்தக் கையெழுத்தைப் பென்சில் முனையால் காட்டினான்.

"இந்தக் கேப்டனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஒரு மனுஷனை ஏழு தடவை நிக்கவெச்சு தண்டிச்சிருக்கானே. போர்வை எங்கதான் போகுதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சானா? இவன் பேரும் எங்கேயோ ஒரு கல்லுல இருக்கும், பாருங்க."

காப்பாளர் இரண்டாவது பதிவேட்டைத் திறந்து நடத்தைத் தாளின் பக்கத்தில் வைத்தார். படைப்பிரிவின் பொருள் கிடங்குப் பதிவு.

"தேதியைப் பாருங்க."

முதல் போர்வை தொலைந்தது ஒன்பதாம் தேதி. தாத்தாவுக்குப் புதுப் போர்வை கொடுக்கச் சொல்லிக் கிடங்குக்குக் கேப்டன் எழுதியிருந்தது எட்டாம் தேதி.

இரண்டாவது தொலைந்தது பதினான்கு. எழுதியது பதின்மூன்று.

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு கீழே போனான். ஏழிலும், போர்வை தொலைவதற்கு முந்தின நாளே புதுப் போர்வைக்குக் கேப்டன் கையெழுத்துப் போட்டிருந்தார்.