பச்சையாகவே எரியும் விளக்கு

மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கின் இரண்டாம் மாடியில் மின்தூக்கி கதவைத் திறந்தபடி நிற்கிறது. உள்ளே இருப்பவர் அதைப் பழுதுபார்க்கும் சவரிராஜ். போன வாரம் இதே பெட்டி பாதியில் நின்றபோது அவர் மனைவி ஆனி நெஞ்சுவலியோடு இதற்குள்தான் இருந்தாள். திறந்தபோது உயிர் இல்லை. கீழே மின்தூக்கியின் பழுதைக் காட்டும் விளக்குப் பலகையைப் பார்த்திருக்க வேண்டிய காவலாளி பரமசிவம் தூங்கிவிட்டான் என்று புளோக்கே சொல்கிறது. பழுதைப் பலகை காட்டுமா என்று அறிய ஒரே வழி, அந்தப் பழுதை நாமே உண்டாக்கிப் பார்ப்பது. அன்று கழன்றிருந்த கம்பியை இன்று சவரிராஜே கழற்றுகிறார். இந்தக் கம்பி வழியே மின்சாரம் போனால்தான் கீழே சிவப்பு எரியும், அபாய மணியும் அடிக்கும். கம்பியே கழன்றால் எதுவும் போகாது. எதுவும் போகாதவரை பச்சைதான். “பரமு, லைட் என்ன காட்டுது?” என்று கீழே பலகை முன் நிற்கும் பரமசிவத்துக்குப் படிக்கட்டு வழியே குரல் கொடுக்கிறார். “பச்சைதாண்ணே. நான் அன்னைக்குத் தூங்கலண்ணே.” “தெரியுதுலா.” காலை வெயில் தாழ்வாரத்திலிருந்து சாய்ந்து வந்து அபாயப் பொத்தானின் மேல் விழுகிறது. அதன் மேல் அவருடைய கட்டைவிரல் இருக்கிறது. நகம் வெளுத்திருக்கிறது. “அண்ணே, பெல்லையும் டெஸ்ட் பண்ணணுமே. எப்ப அமுக்கப் போறீங்க?”

“அமுக்கிக்கிட்டேதான் இருக்கேன், தம்பி.”