காலிக் கட்டம்

மருந்துத் தாளில் ஒரு மணிக் கட்டம் காலியாகக் கிடந்தது.

மறுபடியுமா! காலை ஷிஃப்ட் நர்ஸ் இந்த எஸ்கலினிடம் எத்தனை தடவைதான் சொல்வது?

மருந்தை நேரத்துக்குப் போட்டுவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. போட்டதற்குத் தாளில் கையெழுத்துப் போட மட்டும் கை வராது. இரண்டு மணிக்கு டூட்டி முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள். மாலை ஷிஃப்டுக்கு வருகிற இவள்தான் கட்டங்களை நிரப்ப வேண்டும்.

எட்டு மாதமாக நிரப்புகிறாள். எஸ்கலினின் கையெழுத்து இப்போது எஸ்கலினைவிட இவளுக்கு நன்றாக வருகிறது.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போய்விடும். பாவம், சின்னப் பெண்.

ஏழாம் படுக்கை. சுபிதா, பத்தொன்பது வயது. வலிப்புக்கு ஊசி.

கையெழுத்தைப் போட்டுவிட்டு எட்டாம் படுக்கைக்குப் போனாள்.

மூன்றரை மணிக்குச் சுபிதாவின் அம்மா அலறினாள்.

கட்டில் அதிர்ந்தது. பெண்ணுக்குப் பல் கிட்டிக்கொண்டது. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். நின்றது. ஐந்தே நிமிடத்தில் மறுபடி வெட்டி இழுத்தது.

இன்னொரு ஊசி எடுக்க இவள் ஓடினாள். மருந்து அலமாரியில் ஃபார்மசி கவர் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. 'சுபிதா, 1 மணி.'

கடவுளே.

செல்போனில் எஸ்கலினைக் கூப்பிட்டாள்.

"எஸ்கலின், ஏழாம் பெட்டுக்கு ஒரு மணி ஊசி போட்டியா?"

"இல்லக்கா. ஃபார்மசில இருந்து மருந்து வரல்ல. அதான் கட்டத்தக் காலியா விட்டேன். நீங்க பாத்துப் போட்ருவீங்கன்னு…"

அடிப்பாவி.

என்றும் இல்லாத திருநாளாக இன்றைக்குத்தான் அந்தக் கட்டம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அதன்மேல் இவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

கவரோடு திரும்பி வந்தபோது டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி டோஸ் போயிருக்கு. அப்படியும் வருதுன்னா இந்த மருந்து கேக்கல. வேற மாத்திடலாம்."

சுபிதாவின் அம்மா இவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"சிஸ்டர், எம்புள்ளய விட்றாதீங்க."

தாளில் இருப்பது எஸ்கலினின் பெயர். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு வருட வேலை. வீட்டில் வேறு யாருக்கும் சம்பளம் இல்லை.

கட்டில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"டாக்டர், அந்த ஊசி போகல. கையெழுத்து நான் போட்டது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கவரைப் பிடுங்கி ஊசியில் மருந்தை ஏற்றினார்.

இவள் கையைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.