வளவு துப்பரவாக்க எவ்வளவு?

“ஒரு தொகையைச் சொல்லுங்கோ அண்ணை. வீட்டுக்கார மனுசன் பாத்துக்கொண்டு நிக்கிறார்,” என்றான் அந்தோனிதாசன்.

டெனிஷ் கதைக்கத் தெரிந்தவன் என்றுதான் இரத்தினசிங்கம் தொழிற்சாலைத் தோழனான அவனைக் கூட்டி வந்திருந்தார். டென்மார்க்கின் ஹ்விடோவ்ரேயில் அந்த வளவை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாயிற்று. வேலியடியில் அழுகிய இலைகள், புல்லெல்லாம் பாசி, முறிந்து தொங்கும் ஆப்பிள் கிளைகள்.

“மூண்டு ட்ரெய்லர் குப்பை வரும். ரெண்டு பேருக்கு மூண்டு நாள் வேலை. ரெண்டாயிரத்து நானூறு குரோணர் எண்டு சொல்லட்டோ?”

“காசு வேண்டாமெண்டு சொல்லு.”

“உங்களுக்கென்ன விசரே?”

“கடையில இந்த வேலைக்கு ஆள் தேவையெண்டு ஒட்டியிருந்த துண்டில பெயரைப் பாத்தனியோ? எனக்குக் குடிவரவுக் கந்தோரால வாற கடிதங்களில கையெழுத்து வைக்கிறதும் இந்த ஹோல்கர்தான். என்ர மனுசி பரமேஸ்வரியின்ர ஃபைல் இவற்ற மேசையிலதான் கிடக்குது.”

மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட விண்ணப்பித்து ஒன்றரை வருடம். ஒவ்வொரு கடிதமும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே வந்தது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் ஒரு வாழைக்குலை போனால் கோப்பு தானாக நகரும். டென்மார்க்கிலும் மனிதர்தானே இருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

“இஞ்ச இதுக்குப் பெயர் லஞ்சம் அண்ணை. உள்ளதும் போயிடும்.”

“நீ சொல்லு.”

அந்தோனிதாசன் டெனிஷில் சொன்னான். ஹோல்கரின் முகம் சிவந்தது. ஏன் இலவசம் என்று கேட்டார்.

“என் மனைவி... ஃபைல்... நீங்கள்...” தெரிந்த டெனிஷில் அவ்வளவுதான் வந்தது. இரத்தினசிங்கம் கைகூப்பினார்.

ஹோல்கர் விடுவிடென்று வாசலுக்கு நடந்தார். பொலிசுக்கு ஃபோன் அடிக்கப் போகிறார் என்றே இருவரும் நினைத்தார்கள். எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று இரத்தினசிங்கத்தின் மனம் பதறியது.

வாசற்படியில் ஹோல்கர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குனிந்த தலையோடு வெகுநேரம் பேசினார்.

“என்னடா? சரியான கோவமோ?”

“இல்லை அண்ணை. எங்கட ஆக்களின்ர ஃபைல் ஒண்டையும் தொட வேண்டாமெண்டு மேலிடம் சொல்லிச்சுதாம். ஏனெண்டு கேட்டதுக்கு, போன மாதம் இவரை வேலையால நிப்பாட்டிப்போட்டினமாம். வீட்டை விக்கத்தானாம் வளவைத் துப்பரவாக்கிறார்.”