பார்க்க வந்தவள்

தீபாராதனை நேரம். எல்லாரும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்கள். ஜொய்சி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி மூலஸ்தானத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

சிவகௌரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேர்ச்சுக்குப் போகிறவளுக்குக் கோப்பாய் அம்மன் கோயிலில் என்ன அலுவல்? ஒரு கிழமையாக ஒவ்வொரு நாளும் வருகிறாள். திருநீறும் எடுப்பதில்லை.

பூசை முடிய ஜொய்சியை மறித்தாள்.

"பிள்ளை, இங்கை என்னத்துக்கு வாறனீர்?"

"பாக்கத்தான் அக்கா."

"பாக்கவோ? இதென்ன கண்காட்சியே?"

ஜொய்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனாள்.

சிவகௌரி விடவில்லை. நேரே மீனாம்பிகை வீட்டுக்குப் போனாள். ஜொய்சிக்குப் பக்கத்து வீடு அது. முன்பு சிவகௌரியோடு சேர்ந்து கோயிலுக்குப் போய் வந்தவள் மீனாம்பிகை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டு உடைந்தபிறகு கட்டிலோடு கிடக்கிறாள்.

"வா சிவகௌரி. நான் விழுந்தாப்பிறகு இண்டைக்குத்தான் வாறாய்."

"நேரம் எங்கையடி கிடைக்குது? உதைக் கேள். உன்ரை பக்கத்து வீட்டுக்காரி கோயிலுக்கு வந்து கும்பிடாமல் விடுப்புப் பாக்கிறாள்!"

மீனாம்பிகை சிரித்தாள்.

"நான்தான் அனுப்பினனான்."

"நீயோ?"

"ஓம். எழும்பிப் போகேலாது. அதாலை மனசுக்குள்ளை அம்மனை நிப்பாட்டிப் பூசை செய்வம் எண்டு தொடங்கினன். கண்ணை மூடினால் முதல் வெறும் இருட்டுத்தான். விடேல்லை. பிறகு ஒரு கால்விரல் தெரிஞ்சுது. இப்ப பாதம், சிலம்பு, இடுப்பு வரைக்கும் அசையாமல் நிக்குது. மேலை போனால் கலைஞ்சுபோகுது. அதுதான் பாத்துவந்து சொல்ல ஆள் தேடினனான்."

"அதுக்கு அவளோ கிடைச்சாள்? எங்கடை ஆக்களைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டனான். எல்லாரும் 'நல்ல வடிவான பூசை' எண்டிச்சினம். அதை வைச்சு நான் என்னத்தைக் கட்டுறது? ஜொய்சிதான், 'நான் கும்பிடமாட்டன் அக்கா, ஆனா வடிவாப் பாத்துக்கொண்டு வந்து சொல்லுறன்' எண்டாள். எந்தக் கை உயர்ந்திருக்கு, மாலை எதுவரைக்கும் தொங்குது, எல்லாம் சொல்லுவாள். பிழைச்சால் அழிச்சுப்போட்டு அடியிலையிருந்து தொடங்குவன். முகம் வரும். வரப்பண்ணுவன்."

சிவகௌரி கட்டிலருகே கிடந்த கதிரையில் மெல்ல இருந்தாள்.

"அவள் கடையிலை பாண் வாங்கிக்கொண்டு வரச் சுணங்கும்," என்றாள் மீனாம்பிகை. "நீயும் கோயிலாலைதானே வாறாய்? சொல்லன். இண்டைக்கு அம்மனுக்கு என்ன நிறப் பட்டு?"

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

சிவகௌரி எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள். பூசை முடியுமட்டும் அவள் பார்த்தது ஜொய்சியைத்தான்.