எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்

உள்ளே வந்ததும் அவன் முதலில் அறைந்தது மருந்துக்கடை அக்காவை. வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். உதடு கிழிந்து ரத்தம் நோட்டில் சொட்டியது.

"எம் பொண்டாட்டி வர்ற வரைக்கும் ஒருத்தி அசையக் கூடாது. நீ பாட்டுக்குப் பாடம் நடத்து டீச்சர்" என்றான்.

நாற்காலி ஒன்றைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். கையில் இருந்த கத்தியை மடக்கவில்லை.

அவன் மனைவி தையல்காரி. போன மாதம் இவன் அவள் மணிக்கட்டை ஒடித்தபோது வீட்டை விட்டு வெளியேறியவள். இன்னும் பத்து நிமிடத்தில் இந்த மாடி இங்கிலீஷ் வகுப்புக்கு வந்துவிடுவாள். வந்தால் கொன்றுவிடுவான்.

நாங்கள் ஆறு பேர். சேர்ந்து பாய்ந்தால் அமுக்கிவிடலாம். ஆனால் யாரும் எழவில்லை.

போர்டில் 'ரன்' என்று எழுதியிருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடுவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே வார்த்தைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். அவனுக்கு இங்கிலீஷ் சுட்டுப்போட்டாலும் வராது. ரன் என்றால் கிரிக்கெட்தான்.

எங்கள் வகுப்பில் நான் சொல்லும் வாக்கியத்தை எல்லாரும் சேர்ந்து மூன்று முறை கத்த வேண்டும். கீழே பேப்பர் கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார்.

"தி டேப் இஸ் ரன்னிங்" என்றேன். கத்தினார்கள்.

"இஃப் யூ ஹியர் அஸ், ரன் அவே" என்றேன்.

மருந்துக்கடை அக்காதான் முதலில் ஆரம்பித்தார், கிழிந்த உதட்டோடு.

கடைசி பெஞ்சில் அந்த மடையன் தலையாட்டிக்கொண்டிருந்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பயத்திலும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

படியில் செருப்புச் சத்தம். பாதியில் நின்றது.

போய்விடு தாயே, திரும்பிப் போய்விடு.

மூன்றாவது முறையும் கத்தினோம், தொண்டை கிழிய.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்து உட்காரும் அவள் மகள், எப்போதும் எங்கள் எல்லாரையும்விட உரக்கக் கத்துகிற நாலு வயதுக் குரல், இன்று அந்தக் கூட்டத்தில் இல்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததிலிருந்தே அந்த வாயை அவன் கை பொத்தியிருந்தது. கத்தி அந்தக் கழுத்தில் இருந்தது.

தையல்காரி செருப்பை உதறிவிட்டு மேலே ஓடி வந்தாள்.